மிட்டாய் ஜாடியில் ஒரு புளியங்கொட்டை

என் தம்பி ஒரே நடையில் இரண்டு சமாச்சாரம் கொண்டுவந்தான். ஒன்று, நாமக்கல் பொருட்காட்சியில் அவனுடைய நற்பணிச் சங்கம் போடப்போகும் மனநல அரங்குக்கான நோட்டீஸ். ரோஸ் கலர் தாள். "மனநோயும் காய்ச்சலைப் போல ஒரு நோயே. குணமானவரை ஒதுக்காதீர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இன்னொன்று, அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு என்னை நிறுத்தப்போவதில்லை என்ற சேதி. அதை யாரும் அச்சடிக்கவில்லை. வாயால்தான் சொன்னான். அதுவும் காபியைக் குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு.

"பெரியப்பா மகளையே நிறுத்திக்கலாம்னு அம்மா சொல்லுதுக்கா. உனக்கு எதுக்குச் சிரமம்."

சிரமம். அப்போது எனக்கு இரண்டு எருமை, ஒரு பசு, பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு வெற்றிலைக் கொடிக்கால், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாத ஒரு புருஷன். இத்தனையையும் பார்த்துக்கொள்வதில் எனக்குச் சிரமம் இருக்கும் என்று பிறந்த வீட்டில் யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு சேலை முனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குச் சிரமமாம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் கூடப் பிறந்தவளுக்கும் ஒரு சீர் உண்டு. அதுதான் இணைச்சீர். அவள் பட்டுக் கட்டி, இருக்கிற நகையெல்லாம் போட்டு, தலையில் கூடையோடு வருவாள். பெண்ணுக்குக் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை இவளிடம். சீர் செய்துவைக்கும் பெரியவர் சொல்லச் சொல்ல இருவரும் செய்ய வேண்டும். நீ பெண்டாட்டி கட்டிக்கொண்டாலும் உன் கூடப் பிறந்தவள் உன்னோடு இணைந்தவள்தான், அவள் பிள்ளைகளுக்கும் உன் வீட்டில் பாத்தியதை உண்டு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிற காரியம் அது. அக்கா தங்கை இல்லாதவன் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்வான். கூடப் பிறந்தவள் உயிரோடு, புருஷன் பிள்ளைகளோடு குத்துக்கல்லாக இருக்கும்போது வேறொருத்தியை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் இருந்தும் இல்லாதவள். நாளைக்கு என் மகளைப் பெண் பார்க்க வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான், அவ தாயைச் சொந்தத் தம்பியே சீருக்கு நிறுத்தலையாமா, ஏன் என்று. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அந்தக் கேள்வி என் மகள் தலையில் விழக்கூடாது. எனக்கு அதுதான் விஷயம்.

தம்பி போன பிறகு நோட்டீஸை எடுத்து எருமைக்குத் தவிடு கலக்கும் வாளியை மூடினேன். அளவு சரியாக இருந்தது.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால், எனக்கு ஒரு சமயம் மனசு சரியில்லாமல் போயிற்று. எமர்ஜென்சி முடிந்த வருஷம். மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் பம்ப்செட் ரூமில் இருந்து ஒரு குரல் வர ஆரம்பித்தது. மோட்டார் ஓடினால் கேட்கும். மோட்டார் நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கும். பேய்க்குரல் எல்லாம் இல்லை. என் அம்மாவின் குரல். மாட்டைக் கட்டினாயா, அடுப்பை அணைத்தாயா, குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டாயா என்று வரிசையாகக் கேட்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் அடிக்கடி கிணற்றை எட்டிப் பார்ப்பேன். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். நம்பிக்கை வராது. மறுபடி போவேன். நான் குழந்தையைத் தேடிப் போனதைப் பார்த்தவர்கள், நான் விழப்போகிறேன் என்று ஊருக்குச் சொன்னார்கள்.

புருஷன் வடக்கே லோடு போயிருந்தார். அம்மா வந்து என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பூசாரி தலைமயிரைப் பிடித்து உலுக்கி, வேப்பங்குழையால் அடித்து, யார் நீ யார் நீ என்று கேட்டான். நான்தான் என்று என் பெயரைச் சொன்னேன். அடி கூடியது. அந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அடி தாங்காமல், பக்கத்துத் தோட்டத்தில் எப்போதோ செத்துப்போன ஒரு கிழவியின் பெயரைச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அந்தக் கிழவிக்குப் பிடிக்கும் என்று கோழி அடித்துக் குழம்பு வைத்துப் படைத்தார்கள். பூசாரி சாப்பிட்டான், அம்மா சாப்பிட்டாள், கூட வந்தவர்கள் சாப்பிட்டார்கள். பேய் பிடித்த எனக்கு மட்டும் போடவில்லை. அந்தக் கிழவியைவிட எனக்கு அதிகமாகப் பசித்தது.

புருஷன் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். லோடு இறக்காத லாரியிலேயே என்னையும் குழந்தையையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் என்னிடம் யார் நீ என்று கேட்கவில்லை. எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார். ஊசி, மாத்திரை, சில மாதங்கள். குரல் நின்றது. பிள்ளை பெற்ற சில பேருக்கு இப்படி வரும், போய்விடும் என்றார். போய்விட்டது.

எனக்குப் போய்விட்டது. ஊருக்குத்தான் போகவில்லை. விசேஷ வீட்டில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால் யாராவது வந்து அரிவாள்மணையை நைசாக இழுத்துக்கொண்டு, நீ பூக் கட்டு சாமி என்பார்கள். பச்சைக் குழந்தையை என் கையில் கொடுத்தால் கொடுத்தவளும் கையை எடுக்கமாட்டாள். இரண்டு பேரும் ஒரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்போம். நான் சிரித்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிரிக்காவிட்டாலும் பார்த்துக்கொள்வார்கள். கோபப்பட்டால் மாத்திரை சாப்டியா என்று கேட்பார்கள். மாத்திரையை டாக்டர் நிறுத்தி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. கோபத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று யோசிக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் நேரமில்லை.

இணைச்சீர் சேதியைப் புருஷனிடம் சொன்னபோது அவர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்குப் போலாம், போவாமயும் இருக்கலாம். உன்ற இஷ்டம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் டயரைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, மொதல்ல பொருட்காட்சிக்குப் போயி, அவன் ஊருக்கு என்ன சொல்றான்னு கேட்டுட்டு வரலாமே என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் எதையாவது கிளப்பிவிடுவார்.

போனோம். பள்ளிக்கூட மைதானத்தில் போட்டிருந்தார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், உடம்பு இல்லாமல் தலை மட்டும் பேசும் பெண் என்று எல்லாமும் இருந்தது. விவசாயத் துறைக்காரர்கள் பெரிய பூசணிக்காய் வைத்திருந்தார்கள். பூசணிக்காய்க்கும் பேசும் தலைக்கும் நடுவில் மனநலம். பேசும் தலையைப் பார்க்க வரிசை நீளமாக இருந்ததால், வரிசையில் நின்று கால் வலித்தவர்கள் இதற்குள் வந்து போனார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை.

தம்பி வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, சங்கத்து பேட்ஜ். "மனநோய் பாவமில்லை, சாபமில்லை! குணமானவர் நம்மில் ஒருவர்! அன்போடு அணைத்துக்கொள்வோம்!" அவனுக்கு நல்ல குரல். கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தாவாக வீணாகிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் என்னை அவன் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. புருஷன் பிள்ளைகளை ராட்டினத்துக்குக் கூட்டிப்போனார். நான் உள்ளே போனேன்.

உள்ளே முதலில் கறுப்புத் துணி கட்டிய ஒரு சின்ன அறை. மனநோய் வந்தவர் படும் பாட்டை நாமே பட்டுப் பார்க்கலாமாம். பெஞ்சில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். டேப் ரெக்கார்டரில் குரல் ஓடும். எதிரே தட்டில் கடுகும் வெந்தயமும் கலந்து கிடக்கும். குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டையும் பிரிக்க வேண்டும். சேலத்திலிருந்து வந்த ஒரு சின்ன வயசு டாக்டரின் யோசனை அது. என்னைப் பார்த்த டாக்டர் இல்லை, வேறொருத்தர். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு மிலிட்டரி மீசைக்காரர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தலை சுத்துதுங்க என்று வெளியே போனார்.

குரல்தான் சரியில்லை. யாரோ நாடகக்காரரைப் பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கூத்து மேடை ராஜா மாதிரி சிரித்து, "அற்பனே! நீ எதற்கும் உதவாதவன்!" என்று இலக்கணத் தமிழில் திட்டினார். அப்படி ஒரு குரல் எனக்கு வந்திருந்தால் போடா என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். அடுப்பை அணைத்தாயா என்று கேட்கும் குரலிடம் போடா என்று சொல்ல முடியாது. நான் பாட்டுக்குக் கடுகை ஒரு பக்கம், வெந்தயத்தை ஒரு பக்கம் தள்ளி முடித்தேன்.

டாக்டர் வந்து தட்டைப் பார்த்தார். "பரவாயில்லையே. குரல் தொந்தரவு பண்ணலீங்களா?"

"பழக்கம்தானுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துகொண்டார். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது, எப்படி என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். அம்மா குரல் என்றதும், அப்படியும் வருமுங்க, இந்த டேப்பை மாத்தணும் என்று தலையாட்டினார். உங்களைப் போல ஒருத்தர் வந்து மைக்கில் இரண்டு வார்த்தை பேசினால் நாங்கள் இத்தனை தட்டி எழுதி வைத்ததைவிட நன்றாக இருக்கும், எங்களுக்கு அப்படி யாரையும் தெரியாது, மைக்கில் இருக்கிறாரே அந்தத் தம்பியும் விசாரித்துப் பார்த்தார், அவருக்கும் யாரையும் தெரியவில்லையாம் என்றார்.

விசாரித்துப் பார்த்தானாம். கிடைக்கவில்லையாம். பாவம், எங்கெல்லாம் அலைந்தானோ.

நான் அவனுக்கு என்ன உறவு என்று டாக்டரிடம் சொல்லவில்லை. வேறென்ன இருக்கிறது உங்கள் அரங்கில் என்று கேட்டேன். அவர் கறுப்புத் துணியை விலக்கி வெளிப்பக்கம் காட்டினார்.

ஒரு மேஜை. அதில் மளிகைக்கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி இரண்டு. ஒன்றில் ஆமாம் என்றும் ஒன்றில் இல்லை என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை நிறையப் புளியங்கொட்டை. பின்னால் தட்டியில் கேள்வி: "மனநோய் வந்து குணமானவரை உங்கள் வீட்டு நல்ல காரியத்தில் முன்னால் நிறுத்துவீர்களா?" வருகிற ஒவ்வொருவரும் ஒரு கொட்டையை எடுத்து எதில் வேண்டுமோ அதில் போட வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கேள்வி, சமூக நிகழ்வுகளில் பங்கேற்பதை ஆதரிக்கிறீர்களா என்று இருந்ததாம். அது யாருக்கும் புரியாது என்று சொல்லி, நல்ல காரியம், முன்னால் நிறுத்துவது என்று ஊருக்குப் புரிகிற மாதிரி மாற்றியது மைக்கில் இருந்த தம்பிதானாம். டாக்டர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு பொருத்தமாகக் கேட்க அவனைவிட்டால் ஆளில்லை.

ஆனால் ஜாடி விஷயத்தில் டாக்டருக்குக் குறை இருந்தது. அவர் கேட்டது மறைவில் வைக்க வாய் மூடிய மண்பானை. யார் எதில் போட்டார்கள் என்று தெரியக்கூடாது. தம்பிதான், பானை பார்க்க நன்றாக இருக்காது, கண்ணாடி என்றால் கொட்டை ஏற ஏற ஜனங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். மைக்கும் அவனிடம், மேஜையும் அவன் கண்ணுக்கு எதிரில். யார் வந்தாலும், ஐயா வருகிறார், ஐயா போடுகிறார் என்று அறிவிப்பு வேறு.

அப்புறம் எவன் இல்லையில் போடுவான்? ஆமாம் ஜாடி முக்கால்வாசி நிறைந்திருந்தது. இல்லை ஜாடியில் பேருக்குக்கூட ஒன்று இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் வந்தார். வீட்டில் குடியிருந்த வாத்தியாரின் மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று தெரிந்து, ஒரே வாரத்தில் சாமான்களை வாசலில் எடுத்து வைத்தவர். ஆமாமில் போட்டார். கை தட்டினார்கள். இன்னொன்று எடுத்து அதையும் போட்டார். "நாமக்கல் மக்களின் பரந்த உள்ளம்!" என்று மைக் அலறியது. உள்ளம் அவ்வளவு பரந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் என் அம்மா வந்தாள். நல்ல பட்டுச் சேலை. கூடப் பெரியப்பா மகள். அவர்களோடு சம்பந்தி, அதாவது தம்பிக்குப் பெண் கொடுக்கப்போகிறவர். திருச்செங்கோட்டுப் பக்கம், தறி வைத்து நன்றாக இருக்கிற குடும்பம். மாப்பிள்ளை மைக்கில் பேசுவதைப் பார்க்க அழைத்து வந்திருக்கிறார்கள். நான் கறுப்புத் துணிக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டேன்.

தம்பிக்குக் குரல் இன்னும் ஏறிவிட்டது. பெரியவர் அவர்களே, வாருங்கள், உங்கள் பரந்த உள்ளத்தைக் காட்டுங்கள் என்றான். சம்பந்தி துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு கொட்டையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஆமாமில் போட்டார். அம்மா அவரைப் பார்த்தாள், ஜனங்களைப் பார்த்தாள், ஆமாமில் போட்டாள். பெரியப்பா மகளும் போட்டாள். எனக்குப் பதிலாக நிற்கப்போகிறவள், என்னை முன்னால் நிறுத்தலாம் என்று ஓட்டுப் போட்டாள். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள், தூசி போகிற மாதிரி.

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை சாப்பிடாததால் வந்த கோபம் இல்லை.

துணியை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனேன். ஒரு கொட்டையை எடுத்து இல்லை ஜாடியில் போட்டேன். வெறும் ஜாடியில் ஒற்றைக் கொட்டை விழுந்தால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கேட்டு, ஓரக்கண்ணில் பட்ட சேலையை மட்டும் வைத்து, முகத்தைத் திருப்பாமலே மைக்கில் சொன்னான். "இதோ, இல்லை என்று ஒருவர்! பரவாயில்லை. அந்தச் சகோதரிக்கு இன்னும் விழிப்புணர்வு தேவை!"

சொல்லிவிட்டுத் திரும்பினான். மைக் கொஞ்ச நேரம் கொர்ர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நீங்களே போயி இல்லையில போடறீங்களே, ஏன் என்று கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் நான் அப்படியே போயிருப்பேனோ என்னவோ. கேட்டுவிட்டார்.

"நிறுத்துவீங்களான்னு கேட்டிருக்கறீங்க. நிறுத்தலீங்களே. இது என்ற தம்பி. இது என்ற அம்மா. இவன் கல்யாணத்துல இணைச்சீருக்கு என்னைய வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நான் நடந்ததைப் போட்டேன். அவுங்க ஊருக்காகப் போட்டாங்க."

நான் கத்தவில்லை. ஆனால் தம்பி மைக்கை அணைக்க மறந்திருந்தான். அதனால் பூசணிக்காய் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. பேசும் தலைக்கான வரிசை அப்படியே கலைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. உடம்பு இருக்கிற தலை பேசுவது அதைவிட அதிசயம்.

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். எங்களுக்கென்ன சாமி, சம்பந்தி ஊட்டுல ஏதாச்சும் நினைச்சுக்குவாங்கன்னுதான் என்றாள். மெதுவாகப் பேசினாலும் சம்பந்தி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நாங்க எப்பங்க அப்படிச் சொன்னோம்?" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் போட்ட கொட்டை ஆமாம் ஜாடியில் மேலாகவே கிடந்தது. "கூடப் பொறந்தவ இருக்கறப்ப அவதானுங்க நிக்கோணும். எங்களுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அவர் நிஜமாகவே எதுவும் சொல்லாதவரா, இல்லை ஏற்கெனவே சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் போட்ட கொட்டையைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் பேசினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. எனக்கு வேண்டியது அவர் மனசு இல்லை, வாய்தான். அது கிடைத்துவிட்டது.

பொருட்காட்சி முடிவதற்குள் மறுபடி ஒருநாள் போனேன். பிள்ளைகள் ராட்டினத்துக்கு அழுதார்கள். மைக்கில் வேறு யாரோ இருந்தார். தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். டாக்டர் பழைய கொட்டைகளைக் கொட்டிவிட்டு, இரண்டு ஜாடியையும் சேர்த்துக் கறுப்புத் துணியில் ஒரே உறை தைத்துப் போட்டு, கை மட்டும் நுழைகிற மாதிரி ஓட்டை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உறையைத் தூக்கிக் காட்டினார். இல்லை ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆமாம் ஜாடியில் அடி மறைந்திருந்தது, அவ்வளவுதான். பரந்த உள்ளத்துக்கு ஒரு முழத் துணி போதும், சுருங்கிவிடும்.

"இப்பத்தானுங்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு தெரியுது" என்றார் டாக்டர்.

அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆமாம் ஜாடியில் கிடந்தவற்றைப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது போட்டவை. அவற்றை யார் போட்டார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தெரிய வழியில்லை.

அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். நான் வாங்கவில்லை, நீங்கள் ஜாடியில் போட்டு வைத்திருந்தீர்கள், எடுத்துக் காட்டினேன் என்று பெரியப்பா மகளிடம் சொல்லி அனுப்பினேன். பிறகு அம்மாவே வந்தாள். சரி, நீயே நில்லு என்றாள். ஆனால் சும்மா இல்லை, நிபந்தனைகளோடு. முந்தின நாள் ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை என்று கேட்டேன். ஏதோ ஒரு மாத்திரை என்றாள். யாராவது ஏதாவது கேட்டால் சிரிக்கக்கூடாது, முறைக்கவும் கூடாது. பெரியப்பா மகளும் அதே மாதிரிப் பட்டுக் கட்டி, நகை போட்டு, ஒரு கூடையோடு என் பின்னால் தயாராக நிற்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

புருஷனிடம் சொன்னேன். "ஸ்டெப்னி டயர் இல்லாம லாரியே எடுக்கறதில்ல. வெச்சுக்கட்டும் உடு" என்றார்.

கல்யாணம் பெண் ஊரில் நடந்தது. பொருட்காட்சிக்கு வந்த கூட்டத்தைவிட அதிகக் கூட்டம், வேடிக்கையும் அதேதான். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தபோது பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பார்த்தவர்கள் உண்டு. என் கண்ணைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக ஏமாந்திருப்பார்கள். எனக்குப் பின்னால் பெரியப்பா மகள் என்னைப் போலவே ஜோடித்துக்கொண்டு, சீருக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றிருந்தாள். அவளைப் பார்க்கத்தான் பரிதாபமாக இருந்தது.

சீர் செய்துவைக்கும் பெரியவர் கூறைச்சேலையை எடுத்து ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்தார். மறுமுனையை என்னிடம் கொடுக்க ஒரு நொடி யோசித்தார். நானே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அம்மா கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை எந்தக் கிழவிக்குக் கோழியோ தெரியவில்லை.

தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்கில் அவ்வளவு பேசியவன் சேலை முனையை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தான். பெரியவர் ஏதோ சொல்ல, அவன் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொருட்காட்சிக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பார்த்துக்கொண்டே இருந்தவன் கையிலிருந்து சேலை நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்தது அவன் முனை. ஆனால் அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள். என் முனை என் கையில் இறுக்கமாக இருந்தது. அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்னால் பெரியப்பா மகளின் வளையல் சத்தம் கேட்டது. முன்னால் வரலாமா வேண்டாமா என்று கூடையை எடுத்திருக்கிறாள்.

நான் குனிந்து சேலையை எடுத்து, தூசியைத் தட்டி, அவன் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.

"கெட்டியாப் புடி சாமி. பயப்படாத, ஒட்டிக்காது."

பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு சீர் முடியும்வரை விடவில்லை. முடிந்தும் விடாமல் இருந்தான், பெரியவர்தான் விரலைப் பிரித்துச் சேலையை வாங்கினார். பெரியப்பா மகள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, பசிக்குதுக்கா என்றாள். வா என்று அவளைப் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.